ஹெரால்டுக்கு ஒரு சேஸ்

இல்ல தம்பி, பை மடியிலேயே இருக்கட்டும். மேல வச்சா எறங்கும்போது மறந்துருவேன். மறந்துருவேன்னுதான் சொல்லுதேன், நீங்க வேற மாதிரி நினைச்சுக்கிடக் கூடாது. உங்களைப் பாத்தா அப்படித் தெரியல. ஆனா பஸ்ல ஏறுறவன் எல்லாம் உங்களை மாதிரியா இருக்கான்?

கீழ விழுந்தது டேப்புதான். குடுங்க. டெய்லர்லாம் இல்ல, இது இரும்பு டேப்பு. கார் சேஸ் அளக்கதுக்கு. ராஜபாளையத்துல ஒருத்தர்ட்ட சேஸ் ஒண்ணு கிடக்குன்னாங்க, பாக்கப் போறேன்.

நீங்க எந்த ஊரு, கோயில்பட்டியா? அப்பச் சரி. தூத்துக்குடியில தஸ்நேவிஸ்னு யாரையும் தெரியாதுல்லா? பீச் ரோட்டுப் பக்கம், பழைய வீடு, பச்சை கேட்டு. தெரியாது. நல்லது. எங்க அண்ணன்தான். நான் இப்படிப் போறது அவன் காதுக்குப் போகக் கூடாது, அதான் கேட்டேன். எம் பேரு ரெமிஜியுஸ். ரெமின்னு கூப்பிடுவாங்க.

சேஸ்னா தெரியும்லா? வண்டிக்கு அடியில ஓடுற இரும்புச் சட்டம். இஞ்சின், சக்கரம், பாடி எல்லாம் அதுமேலதான் உக்காந்திருக்கும். இப்ப வாற காருக்கெல்லாம் தனியா சேஸ் கிடையாது. எங்க வண்டி ஹெரால்டு, அந்தக் காலத்துக் காரு. அதுலயும் ஓப்பன் வண்டி, மேல துணிக் கூரை, மடக்கிப் பின்னால வச்சுக்கிடலாம். கப்பல் கம்பெனியில ஒரு துரை இருந்திருக்கான், அவன் ஊருக்குப் போகும்போது எங்கப்பாவுக்கு வித்துட்டுப் போனது. எங்கப்பா அந்த ஆபீஸ்ல பெரிய கிளார்க்கு. இளநீலக் கலரு. மாதா கோயில் திருவிழாவுக்கு நாங்க அதுல போய் எறங்குனா ரோட்டுல நிக்கிறவன் எல்லாம் பாப்பான். அண்ணன் முன்னால, நான் பின்னால. எப்பவும் அவன்தான் முன்னால. அதையும் சொல்லிருதேன்.

அப்பா போன பிறகு பாகம் பிரிச்சோம். வீடு அவனுக்குன்னு அப்பாவே சொல்லியிருந்தாரு, அதுல எனக்கு ஒண்ணும் பேச்சு இல்ல. எனக்கு மில்லர்புரத்துல மனை. மிச்சம் கிடந்தது இந்த வண்டிதான். நான் விடப் போறதில்லன்னு தயாரா போயி உக்காந்திருக்கேன். என்னென்ன பேசணும்னு மனசுக்குள்ள வச்சிருக்கேன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? எல்லாருக்கும் முன்னால, "வண்டி ரெமிக்கு"ன்னான். அவ்வளவுதான். சாவியை எடுத்து எம் முன்னால வச்சான். எந்திரிச்சு உள்ள போயிட்டான்.

நீங்க சொல்லுங்க, சந்தேகம் வருமா வராதா? அவன் ஓட்டக் கத்துக்கிட்டதே அந்த வண்டியில. ஞாயித்துக்கிழமை ஆனா தொடைச்சிக்கிட்டே இருப்பான். அப்படிப்பட்டவன் ஒரு வார்த்தை பேசாம குடுக்கான்னா, அதுல ஏதோ இருக்கு. எல்லாரும் "நல்ல அண்ணன்"னாங்க. நான் வாயைத் திறக்கல. பொறு, தெரியும்னு இருந்தேன்.

கொஞ்ச நாள்ல அவனும் ஒரு ஹெரால்டு வாங்கிட்டான். அது இரும்புக் கூரை போட்டது, ஆனா அடியில எல்லாம் ஒண்ணுதான். தினம் காலைப் பூசைக்கு அதுலதான் போவான், அண்ணியை ஏத்திக்கிட்டு. எனக்குக் காட்டத்தான? ஊர்ல வேற காரா இல்ல? அதோட பேச்சு வார்த்தை நின்னு போச்சு. சண்டைன்னு ஒண்ணும் கிடையாது. கோயில்ல பாத்தா அவன் அந்த வாசல், நான் இந்த வாசல். பிறகு அப்படியே பழகிட்டு.

இப்ப வருசம் பொறந்ததும் எம் மக ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் கூடுச்சு. ஒரே மக. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "நகை எப்படியும் போடுங்க, சேலை எப்படியும் எடுங்க, நான் கோயிலுக்குத் தாத்தா வண்டியிலதான் போவேன். கூரையை மடக்கிட்டு, நீங்க ஓட்டணும்." சரின்னேன். வண்டி ரொம்ப நாளா கொட்டகையில கிடந்துச்சு. உப்பளத்துக் காத்து அடிக்கிற இடம். ஸ்டார்ட் ஆயிட்டு, ஆனா டிரைவர் பக்கத்துக் கதவு மூட மாட்டேங்கு. பாதி வந்து மேல இடிக்கு. யாரோ சின்னப் பிள்ளைக ஏறி விளையாடி வளைச்சிருக்குன்னு பக்கத்து வீட்டுல போயிக் கேட்டேன். அவங்க இன்னும் எங்கிட்ட பேசுறதில்ல.

மெக்கானிக் ஆறுமுகநயினாரைக் கூட்டியாந்தேன். அடியில படுத்துப் பாத்தான். ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஒரு குத்து. அது பாட்டுக்கு உள்ள போயிட்டு.

"அண்ணாச்சி, சேஸ் போச்சு. தகடு மாதிரி உதிருது. மத்த வண்டின்னா மேல கூரை தாங்கிப் பிடிச்சுக்கிடும். இது ஓப்பன் வண்டி, எல்லாத்தையும் சேஸ்தான் தாங்கணும். நடுவுல தொய்ஞ்சிட்டு. அதான் கதவு மூடல."

"வெல்டு வை."

"எதுல வைக்க? இரும்பு இருந்தாத்தான வைக்க. வேற சேஸ் பாருங்க."

சொன்ன உடனே நம்பிருவேனா? இன்னொரு மெக்கானிக்கைக் கூட்டியாந்து காட்டுனேன். அவனும் அதையே சொன்னான். ரெண்டு பேரும் ஒரே கடையில டீ குடிக்கிறவன், வேற என்ன சொல்லுவான்? ஆனா என் கையாலயே குத்திப் பாத்தேன், அப்பவும் உள்ள போச்சு. அன்னைக்குத்தான் எனக்கு வெளிச்சம் ஆச்சு. அவன் ஏன் சாவியை எடுத்து முன்னால வச்சான்னு. சேஸ் அழுகுது, அது தெரிஞ்சுதான் எந் தலையில கட்டியிருக்கான். எங்க வீட்டுல புளோராட்ட சொன்னேன். அவ, "அதுக்குப் பிறகு எத்தனை மழை, எத்தனை வெயிலு உங்க கொட்டகையில"ங்கா. பொம்பளைகளுக்கு இதெல்லாம் புரியாது.

சேஸ் தேடுறதுன்னா லேசுன்னு நினைக்கீங்களா? மதுரையில பழைய இரும்புக் கடையில ஒண்ணு கிடந்துச்சு. நயினாரும் வந்தான். பாத்தா நம்ம வண்டிக்குப் பிறகு வந்த மாடலு. முன்பக்கம் எல்லாம் சரியா இருக்கு, பின்னால ஆக்சில் பிடிக்கிற இடம் வேற. கடைக்காரன், "அடிச்சு உக்கார வச்சிரலாம் சார்"ங்கான். அடிச்சு உக்கார வைக்கதுக்கு அது என்ன சட்டி மூடியா? நாகர்கோயில்ல ஒருத்தன் போட்டோ அனுப்புனான். போட்டோவுல நல்லாத்தான் இருந்துச்சு. நேர்ல போனா நடுவுல வெட்டி, தண்ணி வண்டிக்குச் சுருக்கியிருக்கான். பெயின்டு அடிச்சு வச்சிருக்கான், நமக்குத் தெரியாதாம்.

திருச்செந்தூர் ரோட்டுல ஒண்ணு இருந்துச்சு. அது நல்ல சேஸ். அதையும் சொல்லணும்லா. வாத்தியார் ஒருத்தர், ரிட்டயர்டு. நான் நாலஞ்சு கேள்வி கேட்டேன். ஏன் விக்கீங்க, இவ்வளவு நாளு ஏன் விக்கல, பாடி எங்க போச்சு, வீட்டுல உள்ளவங்களுக்குத் தெரியுமா, இதுல ஆக்சிடென்ட்டு கேஸு எதுவும் உண்டா. வேற ஒண்ணும் கேக்கல. மறுவாரம் போனா வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாரு. "நீங்க போலீஸ்ல இருந்தீங்களோ"ங்காரு எங்கிட்ட. கேக்காம வாங்குனா ஏமாந்தவன்ங்கான், கேட்டா போலீஸ்ங்கான். என்ன செய்ய?

கல்யாணம் நெருங்கிட்டு. ஜெசிந்தா, "பரவாயில்லப்பா, வாடகைக் கார் பிடிச்சுக்கிடலாம்"னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அதுதான் எனக்குத் தாங்கல. அழுதிருந்தா சத்தம் போட்டிருப்பேன்.

அப்பதான் ஒரு நாள் நயினார் போன் பண்ணுதான். "அண்ணாச்சி, சேஸ் கிடைச்சிட்டு. நம்ம வண்டிக்கு அப்படியே பொருந்தும்."

"எங்க?"

"கிடைச்சிட்டு அண்ணாச்சி."

"எங்க கிடைச்சிட்டுன்னு கேக்கேன்."

"தெரிஞ்சவங்கட்ட. அவங்க பேரு சொல்ல வேண்டாம்னுட்டாங்க."

நேரா பட்டறைக்குப் போனேன். சேஸ் கிடக்கு. புதுசா கறுப்புப் பெயின்டு. துருவே இல்ல. தட்டிப் பாக்கேன், கணீர்னு இருக்கு. டேப்பு வச்சு இங்கிருந்து அங்க, அங்கிருந்து இங்க, குறுக்க, நெடுக்க எல்லாம் அளந்தேன். நூல் பிசகல. அதுலதான் எனக்குச் சந்தேகம் கூடிப் போச்சு. இவ்வளவு நாளு ஊரெல்லாம் தேடிக் கிடைக்காத சேஸ், இப்பக் கல்யாணம் வாற நேரத்துல, இவ்வளவு சுத்தமா எப்படி வந்து நிக்கும்? திருட்டுச் சேஸ்தான்னு முடிவு பண்ணிட்டேன். நயினார் முகத்தைப் பாக்கேன், அவன் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கான். ஸ்பேனரைத் தேடுத மாதிரி குனிஞ்சுக்கிடுதான், ஸ்பேனர் அவன் கையில இருக்கு. மாட்டுன்னுட்டேன். கல்யாணம் இருக்குல்லா. மாட்டு, பிறகு நான் விசாரிச்சுக்கிடுதேன்னேன்.

விசாரிக்க வேண்டி வரல. அந்த வாரம் பத்திரிகை வைக்கப் போனோம். புளோரா ஒத்தைக் கால்ல நின்னா. "பெரியப்பா வீட்டுக்குப் பத்திரிகை வைக்காம எம் மக கல்யாணம் நடக்காது." சரின்னு போனேன். பச்சை கேட்டுக்குள்ள ரொம்ப வருசம் கழிச்சுக் காலு வைக்கேன். உள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் கார் ஷெட்டு. பாக்கேன். அவன் ஹெரால்டு நிக்கி. நிக்கின்னா, சக்கரத்துல நிக்கல. பாடி மட்டும் நாலு மரக்கட்டை மேல உக்காந்திருக்கு. இஞ்சின் ஒரு மூலையில, தார்ப்பாய் போட்டு மூடி. அடியில ஒண்ணும் இல்ல. ஷெட்டுத் தரை தெரியுது.

அவன் வெளிய வந்தான். பனியன், கைலி. தலை பூராவும் நரைச்சிட்டு. நானும் கோயில்ல பாக்கதுதான், ஆனா கிட்டத்துல பாக்கலைலா.

"வண்டி என்ன ஆச்சு?"ன்னேன். நான் முதல்ல கேட்டதே அதுதான். நல்லாருக்கியான்னு கூடக் கேக்கல.

"அது ஓடி நாளாச்சுடா. கண்ணு சரியில்ல, ஓட்டுறதில்ல"ன்னான்.

பொய். முந்துன மாசம் அவன் பூசைக்கு ஓட்டிட்டுப் போறதை நானே பாத்தேன். கோயில் முக்குல ரிவர்ஸ் எடுத்தான், அவ்வளவு சுத்தமா. கண்ணு சரியில்லையாம். பத்திரிகையை வாங்கிக்கிட்டான், ஜெசிந்தா பேரை விரலால தடவிப் பாத்தான். அண்ணி காப்பி கொண்டாந்தா. டம்ளரை எம் முன்னால வச்ச சத்தத்துலயே தெரிஞ்சுது, அவளுக்கு எம் மேல நல்ல எண்ணம் இல்லன்னு. நான் காப்பி குடிச்சேன். சேஸைப் பத்தி அவனும் பேசல, நானும் பேசல.

வீட்டுக்கு வந்து யோசிக்கேன். ஏன் செஞ்சான்? யோசிக்க யோசிக்க ஒரே ஒரு காரணம்தான் வருது. தம்பி, கார்னா என்ன? பாடியை மாத்தலாம், இஞ்சினை மாத்தலாம். ஆனா சேஸ்ல ஒரு நம்பர் அடிச்சிருப்பான் பாருங்க, அதுதான் வண்டி. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல ஏஜென்ட்டு ஒருத்தர்ட்ட கேட்டேன், பேரு சொல்லாம, யாருக்கோ கேக்குற மாதிரி. "சேஸ் நம்பர் யார் பேர்ல இருக்கோ, நாளைக்கு ஒரு வம்புன்னு வந்தா அவங்க பக்கம்தான் பேசும்"னாரு. பிறகு என்ன சொல்ல இருக்கு? அன்னைக்கு வண்டியைக் குடுத்த மாதிரி குடுத்துட்டு, இப்ப சேஸ் வழியா திருப்பி எடுக்கான். எம் பாடி, எஞ் சீட்டு, எங் கூரை. அடியில அவன்.

புளோராட்ட சொன்னேன். அவ தட்டை எடுத்து வச்சா. பிறகு, "சாப்பிட வாங்க"ன்னா.

நயினாரைப் போயிப் பிடிச்சேன். கழட்டுன்னேன். அவன் வண்டிக்கு அடியிலருந்து தலையை நீட்டி, "அண்ணாச்சி, பிள்ளை கல்யாணம் முடியட்டும். பிறகு கழட்டச் சொன்னா கழட்டுதேன், ஆனா நான் கழட்ட மாட்டேன், வேற ஆளைப் பாத்துக்கிடுங்க"ன்னான். கழட்டுதேன்னு சொல்லுதானா, மாட்டேன்னு சொல்லுதானான்னே தெரியல.

கல்யாணம் நடந்துச்சு. நல்லா நடந்துச்சு. கூரையை மடக்கிட்டு நான் ஓட்டுனேன். ஜெசிந்தா பின்னால, வெள்ளைச் சேலையில, தலையில சின்னக் கிரீடம் வச்சு. பீச் ரோட்டுல அந்த வீட்டைத் தாண்டும்போது அவனும் அண்ணியும் கேட்டுல நிக்காங்க, ஆட்டோவுக்கு. ஜெசிந்தா எந் தோளைத் தட்டி, "அப்பா, நிப்பாட்டுங்க"ங்கா. பின்னால சொந்தக்காரன் வண்டியெல்லாம் வருது, நான் என்ன செய்ய, நிப்பாட்டுனேன். "பெரியப்பா, ஏறுங்க"ன்னா. அண்ணி பின்னால மகளோட உக்காந்தா. இவன் முன்னால, எம் பக்கத்துல.

கோயில் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. எறங்கும்போது அவன் பக்கத்துக் கதவைத் திறந்தான், மூடுனான். திரும்பத் திறந்து, திரும்ப மூடுனான். "கதவு நல்லா மூடுது"ன்னான். அவ்வளவுதான். உள்ள போயிட்டான்.

நீங்க என்ன நினைக்கீங்க? அதுக்கு என்ன அர்த்தம்? தன் சேஸ் நல்லா வேலை செய்யுதுன்னு எனக்கு ஞாபகப்படுத்துதான். எம் மக கல்யாணத்துல வந்து தன் சொத்தைச் சரிபாத்துட்டுப் போறான். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். பூசை பூராவும் எனக்கு அந்தக் கதவுச் சத்தம்தான்.

சரி, இனிமே வருவான்னு இருந்தேன். வக்கீல் நோட்டீஸோ, ஆள் விட்டுப் பேசுறதோ, ஏதோ ஒண்ணு. வரல. ஈஸ்டர் வந்துச்சு, வரல. மழை வந்துச்சு, வரல. காலையில பூசைக்கு ஆட்டோவுல போறான். ஆட்டோ இல்லாத அன்னைக்கு நடந்து போறான், அண்ணி முட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால வாறா. ஊர் பாக்குதுல்லா? தம்பி காருல போறான், அண்ணன் நடந்து போறான்னு பேசணும், அதுக்குத்தான நடக்கான்? நான் அந்த நேரத்துக்கு அந்த ரோட்டுல வண்டி எடுக்கதையே விட்டுட்டேன்.

கடைசியில பொறுக்க முடியாம நானே போனேன். வாசல்லயே நின்னு கேட்டேன். "உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேண்டாமே."

"அப்ப ஏன் உஞ் சேஸைக் குடுத்த?"

"பிள்ளை அந்த வண்டியிலதான் போகணும்னு நிக்குதுன்னு நயினார் சொன்னான். வேற எங்கயும் கிடைக்கலன்னும் சொன்னான். எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு."

"நம்பர் உம் பேர்ல இருக்கு."

"ஏல, நம்பரா? நாளைக்கே ஆபீஸுக்கு வாறேன், எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு, போடுதேன்."

இவ்வளவு லேசா ஒருத்தன் கையெழுத்துப் போட வாறேன்னா, அதுல என்ன வச்சிருக்கானோ. நான் கூட்டிட்டுப் போகல. உள்ளயிருந்து அண்ணிதான் பேசுனா. நல்லா உறைக்கிற மாதிரி. "அந்த வண்டியை உங்களுக்குக் குடுத்துட்டு வந்த அன்னைக்கு இவுக சாப்பிடல. பிறகு அது மாதிரியே ஒண்ணைத் தேடி அலைஞ்சு வாங்குனாக. இப்ப அதையும் பிரிச்சுக் குடுத்தாச்சு. இன்னும் என்னத்தைக் கேக்க வந்திருக்கீங்க?"

அவன், "நீ உள்ள போ"ன்னான் அவகிட்ட. அவ போகல. நான்தான் வந்துட்டேன்.

அண்ணி சொன்னதை நான் நம்பல. அவ அவன் பக்கம்தான பேசுவா. ஆனா ஒரு முடிவு பண்ணிட்டேன். அவன் பொருளு எங்கிட்ட இருக்கக் கூடாது. அது மாதிரியே ஒரு சேஸ் வாங்கி அவன் வண்டிக்கு அடியில கொண்டு வச்சிரணும். அதோட தீந்தது. அவன் ஒண்ணும் கேக்க முடியாது, நானும் ஒண்ணும் கேக்க வேண்டாம். அதுக்குத்தான் அலையுதேன். வேற ஒண்ணும் இல்ல.

ரெண்டு சேஸ் பாத்துட்டேன். ரெண்டையும் வேண்டாம்னுட்டேன். ஒண்ணுல பின்னால ஒரு இடத்துல வெல்டு வச்சிருக்கு. நயினார், "அது ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி, ஓடும்"னான். ஓடும். ஆனா அண்ணி முட்டி வலிக்காரி, குலுக்குனா தாங்குவாளா? இன்னொண்ணு கடலோரத்துல கிடந்தது. கடலோரத்துச் சேஸே வேண்டாம்னுட்டேன், எத்தனை நாளைக்கு நிக்கும்? புளோரா, "உங்க வண்டிக்குன்னா அன்னைக்கே வாங்கியிருப்பீங்க"ங்கா. அவளுக்கு எதையாவது சொல்லணும். ராஜபாளையம்னா காஞ்ச ஊரு, துரு பிடிக்காது. அதான் அங்க போறேன்.

இந்த ராஜபாளையத்துக்காரர் இருக்காரே, போன்ல என்னைக் கேக்காத கேள்வி இல்ல. "யாரு வண்டிக்கு?"ன்னாரு. "எங்க அண்ணன் வண்டிக்கு"ன்னேன். வேற என்ன சொல்ல, அதுதான உண்மை. "அண்ணன் ஏன் பேசல?"ன்னாரு. "அவனுக்குத் தெரியாது"ன்னேன். "தெரியாமயா? அண்ணன் வண்டிக்கு அண்ணனுக்கே தெரியாம சேஸா?"ன்னு இழுக்காரு. ஒரு மனுசன் இன்னொரு மனுசனை இப்படியா சந்தேகப்படுவான்? எனக்குக் கோபம் வந்துட்டு. ஆனா சேஸ் நல்ல சேஸ்ங்காங்க, அதனால பொறுத்துக்கிட்டேன்.

தளவாய்புரம் தாண்டிட்டா? அப்ப நெருங்கிட்டு.

சேஸ் சரியா இருந்தா இன்னைக்கே மினி லாரி பிடிச்சு ஏத்திருவேன். நேரா பச்சை கேட்டுல கொண்டு எறக்கிருவேன். எல்லாம் யோசிச்சு வச்சாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பிடிபடல. அவன் வேண்டாம்னு சொல்லிட்டா? கண்ணு சரியில்ல, எனக்கு எதுக்குடா சேஸுன்னு, அந்தப் பொய்யையே திரும்பச் சொல்லிட்டா? ரோட்டுல, லாரிக்காரன் முன்னால, நான் அதை வச்சுக்கிட்டு எங்க போவேன்? சொல்லக் கூடியவன்தான். அவனுக்குக் குடுக்கத் தெரியும், வாங்கிப் பழக்கம் இல்ல.

உங்க வீட்டுல நீங்க அண்ணனா, தம்பியா? அண்ணனா? அப்ப நீங்கதான் சொல்லணும். தம்பிக்காரன் ஒரு பொருளைக் கொண்டாந்து வாசல்ல எறக்குதான். கேட்டுல நிக்கான், உள்ள வரல. நீங்க வாங்கிக்கிடுவீங்களா, மாட்டீங்களா?

உடனே சொல்ல வேண்டாம். பஸ்ஸு நிக்கட்டும், எல்லாரும் எறங்கட்டும். யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க தம்பி, நான் எந்திரிக்கணும்.